ஏற ஏறக் குறையும் எண்

வால்பராய்சோவில் மேலே ஏற ஏற
எண் குறையும்.
வரைபடக் கோப்பில் சொல்கிறேன்.
அங்கே பூச்சியம் வானத்தின் இடது மூலையில் இருக்கிறது,
துறைமுகம் தொள்ளாயிரத்தில்.
சுங்க அலுவலகம், வங்கி, கொடிக்கம்பம்
எதுவும் எண்ணூறுக்குக் குறையாது.
தகரக் கூரைக்காரர்கள் நாங்கள்
முப்பது, இருபது, பன்னிரண்டு.

இதைக் கேட்டுச் சிரித்தவள் இஸ்மேனியா.
"மேலே வந்து சேரும்போது
மூச்சும் பூச்சியம்தானே" என்றாள்.

பிறவியிலிருந்தே பார்வையில்லை அவளுக்கு.
நகராட்சியின் பழைய வரைபடத்தை
அவள் கணினி ஒரே சொல்லில் வாசித்து முடிக்கும்:
படம்.
இத்தனை குன்று, இத்தனை படிக்கட்டு,
இவ்வளவு பெரிய கடல்,
எல்லாம் சேர்ந்து படம்.
அப்புறம் அடுத்த பத்திக்குப் போய்விடும்.

அதனால் எழுதினேன். வரையவில்லை, எழுதினேன்,
முன்பின் தெரியாத யார் யாரோ
வருடக்கணக்கில் காற்புள்ளிக்கெல்லாம் சண்டையிட்டு
எவரும் திறக்கலாம் என்று பொதுவில் விட்டுவைத்த
ஓர் இலக்கணத்தில்.
எமே என்றால் பேனாவைத் தூக்கி வை.
எலே என்றால் நேரே இழு.
சே என்றால் வளை; எப்படி வளைவதென்று சொல்ல
கோட்டின்மேல் இல்லாத இரு புள்ளிகள்
வெளியே நின்று இழுக்கும்,
கல்யாணத்துக்கே வராமல்
காரியத்தை நடத்தும் மாமன்களைப் போல.
சேத்தா என்றால்
புறப்பட்ட இடத்துக்கே திரும்பி மூடு.

வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பாள்,
குதிரைப் பந்தய வர்ணனை மாதிரி இருக்கும் எனக்கு.
மூன்றாம் நாள் நிறுத்தினாள்.
"ரொட்டிக்கடைப் படிக்கட்டுக்கு எலே போட்டிருக்கிறாய்.
அங்கே நேர் கிடையாது.
என் இடது முழங்காலைக் கேட்டுப் பார்."
போய்ப் பார்த்தேன்.
பதினெட்டு வருடம் நான் ஏறி இறங்கிய படி,
வளைந்துதான் இருந்தது.

எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது என்று
ஒருநாள் பீற்றிக்கொண்டேன்.
"எனக்கும்தான்," என்றாள்.

பிப்ரவரியில் காற்று தெற்கிலிருந்து வந்தது.
யூகலிப்டஸ் பள்ளத்தில் பிடித்தது
இருட்டுவதற்குள் எங்கள் முதுகில் ஏறிவிட்டது.
பன்னிரண்டுக்கும் முப்பதுக்கும் நடுவில்
பதினான்கு வீடு.
தண்ணீர் லாரி நானூறோடு நின்றுவிட்டது,
அதற்கு மேல் படிதான்.

படத்தைத் திருத்து என்றது நகராட்சி.
பதினான்கு வரி.
கை வரவில்லை என்று சொன்னால் பொய்.
வந்தது. மூன்றை அழித்தும் விட்டேன்.
பிறகு திரும்பக் கொண்டுவந்தேன்.
வேறொரு வழி இருக்கிறது இதில்:
வரிக்கு முன்னால் கோணக்குறி, வியப்புக்குறி, இரு சிறு கோடு,
பின்னால் இரு கோடும் கோணமும்.
உலாவி தாண்டிப் போய்விடும், வரையாது.
கோப்பில் இருக்கும்.
பக்கத்தில் குறித்தேன்:
ஓயார்சுன் வீடு, பச்சைக் கதவு.
சூனில்தாவின் தையல் எந்திரம், சன்னலோரம்.
இங்கே யாரென்று தெரியாது, இரண்டு நாய்.

படம் சுத்தமாக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.
உச்சியில் வெறும் மண்நிறம்.
இஸ்மேனியா படம் பார்ப்பவள் இல்லையே.
மூலத்தைத் திறந்து
முதல் தடவையாக வேகத்தைக் குறைத்துக் கேட்டாள்.
கடைசி வரிவரை ஒன்றும் பேசவில்லை.
"அந்த இரண்டு நாயும்
என் மொட்டைமாடியில்தான் கிடக்கின்றன," என்றாள்.

ஜூனில், மழைக்கு நடுவில்,
யாரோ கோப்பைத் திறந்திருக்கிறார்கள்.
பதினோராம் வரிக்கு முன்னால் வியப்புக்குறி இல்லை.
ஏறிப் போனேன்.
நான்கு கம்பம், நீலத் தார்ப்பாய், மூன்று பக்கம் பலகை.
வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டிருந்த பெண்
தலையை மட்டும் அசைத்தாள்.

இறங்கி வந்து
அந்த வரியின் கடைசியிலிருந்த சேத்தாவை
எடுத்துவிட்டேன்.
மூடாத உருவத்துக்குள்ளும் நிறம் நிற்கும், விதி அப்படி.
ஒரு பக்கம் மட்டும்
கோடு இராது.